சான்று கேட்கும் பழக்கம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் வாசிக்கிறார். மற்ற மூவரும் கீழே இருந்து பிழை பிடிக்கிறார்கள். நால்வரும் ஒரே வகுப்பு. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படித்தவர்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் கணித ஆசிரியை, ஒருவர் வங்கியில் வேலை பார்த்து இளைப்பாறியவர், ஒருவர் ரொறன்ரோவிலிருந்து இந்த விழாவுக்கென்றே வந்திருப்பவர். விழாக் குழுவினர் எங்களைச் சமயமும் வாழ்வும் பற்றிப் பேசும்படி கேட்டபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீங்கள்தானே வகுப்பில் எதற்கும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆக்கள், நீங்களே பேசுங்கோ" என்றார் செயலாளர். ஆகவே பொறுப்பு அவருடையது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐயுறுகிறவர் என்றால் உடனே நாத்திகர் என்று எடுத்துக்கொள்ளுவது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் நால்வரில் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஒருவர் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் தேவாலயம் போகிறவர். மற்ற இருவரும் எங்கும் போவதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்பட்டதே இல்லை. இந்த உரையை எழுதும்போதும் ஏற்படவில்லை. ஒத்துக்கொண்டது ஒன்றில் மட்டுந்தான். ஒருவர் ஒரு செய்தியை உண்மையென்று சொல்லி, அதன் பேரால் இன்னொருவர் வாழ்க்கையில் கை வைப்பாரானால், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க அந்த இன்னொருவருக்கு உரிமை உண்டு.

இந்தப் பழக்கத்தை எங்களுக்குத் தந்தது இந்தப் பாடசாலைதான், அது நினைத்துத் தந்ததா என்பது வேறு விஷயம். காலையில் ஒரு மண்டபத்தில் தேவாரம், மறு மண்டபத்தில் ஞானப்பாட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நடுவிலுள்ள விறாந்தையில் பிந்தி வந்த பிள்ளைகள் நின்று இரண்டையும் கேட்போம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் நல்ல சிநேகிதிகள். ஆனால் அந்தப் பக்கம் நம்புவது சரியல்ல என்று ஒவ்வொரு பக்கமும் மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அடுத்த வீட்டுச் சமயத்தைப் பொறுத்தவரையில் நாம் எல்லோரும் பகுத்தறிவாளர்கள்தான். நம்முடைய வாசல் வந்ததும் அந்தப் பகுத்தறிவு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிறது. இதற்கு யாழ்ப்பாணத்துச் சரித்திரத்திலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே வேதாகமத்தோடு கணிதமும் வானசாத்திரமும் படிப்பித்தார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. ஊர்ப் பஞ்சாங்கக்காரர் சொன்ன நேரமும் அளவும் ஒன்று, செமினரியார் கணித்துச் சொன்னது இன்னொன்று. ஊர்ச்சனம் கூடிப் பார்த்தது. செமினரிக் கணிப்பே சரியாக இருந்தது. அதைக் கொண்டு மிசனரிமார், "உங்கள் சாத்திரம் கிரகணத்திலேயே பிழைத்தது, அப்படியானால் உங்கள் புராணம் எம்மட்டு?" என்ற வழியில் போனார்கள். கிரகணக் கணக்கைப் பொறுத்தமட்டில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அதே அளவுகோலை எடுத்து, சூரியன் நடுவானில் நின்றதாக யோசுவாவின் ஆகமம் சொல்லுகிறதே, அதை எப்படிக் கணிப்பது என்று மாணவன் கேட்டால் என்ன செய்வது? வானசாத்திரம் படித்த பையனுக்கு அந்தக் கேள்வி வராமலா போகும்! செமினரியில் படித்தவர்களிற் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்களே தவிர, மிசன் எதிர்பார்த்த அளவுக்குச் சுவிசேஷ ஊழியத்துக்குப் போகவில்லை. 1855இல் செமினரி மூடப்பட்டது.

மறு பக்கத்துக்கு வருவோம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். வேதாகமத்தை அவரளவுக்கு வரி வரியாகப் படித்த சைவர் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டார். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில், நீங்கள் எங்கள் கோயிற் கிரியைகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் தூபம், தீபம், பலி, அபிஷேகம் எல்லாம் விதிக்கப்பட்டிருக்கின்றனவே என்று இடம் காட்டிக் கேட்டார். மிசனரிமார் தங்கள் வாசலிற் கழற்றி வைத்த செருப்பை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்த மாதிரி. சைவர்களையும் அவர் விடவில்லை. கோயில்களில் நடந்த உயிர்ப்பலியையும் நிர்வாகச் சீர்கேட்டையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவ்வளவு கூர்மையான புத்தி சாதி வேற்றுமை என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வந்து நின்றார்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆகவே சட்டம் அவர்கள் பக்கம். வாசலை மறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் யார்? கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். எங்கள் கணித ஆசிரியைக்கு இந்தச் சம்பவத்தில் எப்போதும் ஒரு மனக்கசப்பு. கணிதம் படித்தால் புத்தி தெளியும் என்று நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவர் அவர். கணிதத்தில் எந்த நிறுவலிலும் ஒரு படியைச் சும்மா தாண்ட விடாத மனிதர், கோயில் வாசலில் எத்தனை படியைத் தாண்டினார் என்று கேட்பார். உள்ளே போக வந்தவர்களிற் பலருக்குப் பாடசாலைப் படிப்பே மறுக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்றைக்கு, "எதனால் எங்களை மறிக்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

இந்த வாசற்படிப் பிரச்சினை இல்லாத ஒருவரைத் தேடினால் ஏபிரகாம் கோவூரைச் சொல்லலாம். 1898இல் கேரளத்தில் திருவல்லாவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தார். அங்கே ஒரு வருடம் வேதபாடமும் அவர் தலையில் விழுந்ததாம். பிள்ளைகள் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் சித்தியடைந்தார்கள், விசுவாசத்தைத்தான் இழந்துவிட்டார்கள் என்று பதில் வந்ததாக அவர் சொல்லுவார். பின்னர் கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரியில் படிப்பித்து 1959இல் ஓய்வு பெற்று, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். அற்புத சக்தி உண்டென்று மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை ஒருவரும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. தம் உடலை மருத்துவ பீடத்துக்கும், எலும்புக்கூட்டைத் தேர்ஸ்ரன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கும் எழுதி வைத்தார்.

எங்கள் பெற்றோர் காலத்தில் கோவூர் என்றால் ஒரு கலகலப்பு. கூட்டத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்களாம். வந்த பிறகு குறிப்புப் பார்ப்பதை விட்டார்களா என்றால் இல்லை. பரிகாசம் கூட்டத்தைச் சேர்க்கும், பழக்கத்தை மாற்றுமா என்பது சந்தேகம். இந்த இடத்தில் கோவூரோடும் எங்களுக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. ஆனாலும் எங்கள் வைத்தியர் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். பேய் பிடித்ததென்று அவரிடம் கொண்டுவரப்பட்டவர்களில் இளம்பெண்கள் பலர் இருந்தார்கள். வேப்பிலையடிக்கும் கட்டாடியார் பேயோடு பேசுவார். கோவூர் அந்தப் பிள்ளையோடு பேசினார். உனக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

பகுத்தறிவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறவர்களுக்காக மணிமேகலையைச் சொல்ல வேண்டும். இருபத்தேழாம் காதையில் அவள் வஞ்சி மாநகரிலே சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். போகுமுன் அவளுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. நீ இளம்பெண், இந்த உருவத்தில் போனால் உனக்குத் தத்துவம் சொல்ல மாட்டார்கள் என்று. ஆகவே அவள் தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். தத்துவம் கேட்க வேண்டுமானால் பெண் வேறு உருவத்தில் போக வேண்டிய நிலை அன்றைக்கே இருந்திருக்கிறது! அங்கே பூதவாதி என்று ஒருவன். பூவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்தால் வெறி பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டதே உண்மை என்கிறான். மணிமேகலைக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாய் தகப்பன் இன்னார் என்பதை நீ கண்டா அறிந்தாய், அனுமானித்துத்தானே அறிந்தாய் என்று கேட்கிறாள். எங்கள் பக்கத்து ஆளை அவள் மடக்கிவிட்டாள் என்றாலும் எங்களுக்கு அந்த இடம் மிகப் பிடிக்கும். காணாததை நம்பாதே என்பது போதாது, காணாததைக் கண்டதிலிருந்து எப்படி முறையாக ஊகிப்பது என்பதுதான் கேள்வி என்று அவள் காட்டிவிடுகிறாள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்மவர் பெருமைப்படுகிறோம். கேள்வி கேட்டதற்கும் கொஞ்சம் பெருமைப்படலாம்.

இனி அன்றாடக் காரியங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் அம்மம்மா நூல் ஓதிக் கட்டுகிறார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் அநேகமாக நாலைந்து நாளில் தானாகவே விடுகிறது. நூல் கட்டுவது எப்போது? காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்தில் நிற்பதற்கு அடுத்தபடி இறங்குவதுதான். ஆகவே நூலுக்கு எப்போதும் வெற்றி. டொக்டரின் மருந்துக்கும் சில வேளை இதே அதிர்ஷ்டம் உண்டு என்று எங்கள் வைத்தியர் ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்கு வெறும் குளிசை கொடுத்துப் பார்க்கும் முறை வந்தது. நூலில் எங்களுக்குக் கோபமில்லை. டெங்குக் காலத்தில் நூலைக் கட்டிவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால்தான் கோபம்.

தீமிதிப்பைப் பற்றிச் சின்னஞ்சிறு வயதில் கேட்டிருக்கிறோம். உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் நடப்பது. 1970களின் தொடக்கத்தில் உடற்றொழிலியல் அறிஞர் கார்லோ பொன்சேகா இதை ஆராய்ந்தார். விரதம் இல்லாதவர்களும் நடந்து காட்டினார்கள். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படுவது கொஞ்ச நேரம், வெறுங்காலோடு நடந்து பழகிய பாதத்தின் தோலும் தடிப்பு. போறணைக்குள் கையை விட்டால் காற்று உடனே சுடுவதில்லை, தட்டைத் தொட்டால் சுடுகிறது, இரண்டும் ஒரே சூடுதான். இந்த விளக்கத்தைப் படித்த பிறகும் எங்களில் ஒருவராவது தீயில் இறங்கத் தயாரில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம். தீ மிதிக்கிறவரின் துணிச்சல் பொய்யல்ல. தீ அவருக்காகத் தன் குணத்தை மாற்றிக்கொண்டது என்பதற்குத்தான் சான்றில்லை.

கோயிற் சுவரில் நேர்த்திக்கடன் நிறைவேறியவர்களின் பெயர்கள் இருக்கும். பழைய கிரேக்கத்தில் மெலோஸ் ஊர் டயகோரஸ் என்பவருக்கு, கடலில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டினார்களாம். நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டார். கரையோரக் கிராமங்களில் பிறந்த தங்கைமாருக்கு இந்தக் கேள்வியின் பாரம் நாங்கள் சொல்லாமலே விளங்கும்.

பிரார்த்தனையையே பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருதய சத்திரசிகிச்சை செய்த 1802 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. தமக்காகப் பிறர் பிரார்த்தித்ததோ இல்லையோ என்று தெரியாதவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. பிரார்த்தனை செய்யப்படுகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களில் 59 வீதமானோருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன, மற்றவர்களை விடச் சற்று அதிகம். எனக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கு நிலைமை மோசமோ என்று பயந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு நாங்கள் துள்ளவும் மாட்டோம். கோயிலுக்குப் போகும் எங்கள் தோழி, "நான் கடவுளிடம் சத்திரசிகிச்சை செய்யக் கேட்பதில்லை, எனக்குக் கை நடுங்காமல் இருக்கத்தான் கேட்கிறேன்" என்றார். அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

இன்னொன்று. பழையவை எல்லாம் மூடத்தனம் என்று தள்ளுவதும் சோம்பேறித்தனமே. அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வேப்பிலை செருகி, பிள்ளையை வெளியே விடாமல், வந்து போவோரைக் குறைத்து வைத்த வழக்கத்தில் தொற்றைத் தடுக்கும் புத்தி இருந்தது. காரணம் பிழை, காரியம் சரி. ஆனால் பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது தடுப்பூசி. 1980இல் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. அம்மனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். செவ்வாய்க் குற்றம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பது நம்மவர் பொதுவாகக் கொள்ளும் விதி. இடங்கள் பன்னிரண்டு. அவற்றில் ஐந்து. அப்படியானால் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பிள்ளைகள் செவ்வாய்க்காரர். சிலர் சந்திரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பார்கள், சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பார்கள். மூன்றையும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால், மூன்றிலும் தப்பும் வாய்ப்பு 7/12ஐ மூன்று தரம் பெருக்கினால் வருவது. 343/1728. ஐந்தில் ஒன்று கூட இல்லை. ஐந்தில் நாலு பேருக்கு ஏதோ ஒரு வழியில் குற்றம்! இதை எங்கள் ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பில் சிரிப்பு அடங்க நேரம் சென்றதாம். ஐந்தில் நாலு பேருக்கு உள்ள ஒன்றைக் குற்றம் என்று சொல்லுவது எந்தக் கணக்கில்? இதனாற்போலும் விதிவிலக்குகளும் ஏராளம். இன்ன இராசியில் நின்றால் இல்லை, குரு பார்த்தால் இல்லை, இருவருக்கும் இருந்தால் இல்லை. மாப்பிள்ளை வெளிநாடு, சீதனப் பேச்சும் சரிவந்துவிட்டது என்றால் விதிவிலக்கு எப்படியாவது அகப்படும். விருப்பமில்லாத சம்பந்தத்துக்கு அகப்படாது.

இதற்கு மேலே, நம்மூரில் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம், திருக்கணிதம். சித்திரைப் புதுவருடப் பிறப்பு நேரத்தையே இரண்டும் இரண்டாகத்தான் போடும், பத்திரிகையும் இரண்டையும் பிரசுரிக்கும். நாமும் வசதியான நேரத்தில் மருத்துநீர் வைப்போம். கொண்டாட்டத்துக்கு அது போதும். ஆனால் எல்லைக்கோட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒன்றில் ஒரு நட்சத்திரம், மற்றதில் வேறொரு நட்சத்திரம் வரலாம். எந்த நட்சத்திரம் அவள் கலியாணத்தைத் தீர்மானிக்க வேண்டும்? 1829இல் கிரகணத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொண்ட மாதிரி இதைப் பார்த்துத் தீர்க்கவும் வழியில்லை. எட்டாமிடத்துச் செவ்வாயால் கலியாணம் தள்ளித் தள்ளிப் போய், பிறகு "வயது வந்துவிட்டது" என்ற இன்னொரு குற்றத்துக்கு ஆளான சிநேகிதிகள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, எங்களுக்குள் அதிக நேரம் விவாதித்த விஷயம். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு தரம் வெட்டி மறுபடி சேர்த்தோம்.

யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாத்திரம் கேட்கப் போகிறார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறான், தெற்குத் திசையில் நாலு சுவருக்குள் இருக்கிறான், ஆடி கழிய ஒரு செய்தி வரும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். காப்பை அடகு வைத்துக் கேட்டவர்களை எங்கள் வைத்தியர் தம்முடைய கிளினிக்கிலே கண்டிருக்கிறார். அந்தத் தாய்க்கு ஐயுறுகிறவர் என்ன சொல்லுவது? அந்தச் சாத்திரக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். உண்மைதான். வங்கித் தோழியின் கருத்து, காசு வாங்காமல் ஆறுதல் சொல்பவரை விட்டுவிடலாம், காப்பை வாங்குகிறவரை விடக் கூடாது என்பது. ரொறன்ரோத் தோழி அதை ஏற்கவில்லை. ஆடி கழிந்தும் செய்தி வராதபோது அந்தத் தாய் தன் விரதத்தில்தான் ஏதோ பிழை என்று நினைக்கிறாள், ஆகவே இலவசச் சாத்திரமும் இலவசமல்ல என்றார்.

அப்போதுதான் எங்கள் ஆசிரியை ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில் அந்தத் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். அதே வாயால் என்ன கேட்டார்கள்? கையளித்த பிள்ளை எங்கே, பெயர்ப்பட்டியல் எங்கே, எந்த முகாம், எந்தத் திகதி என்று கேட்டார்கள். மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொன்னபோது, இறந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2018இல் காணாமற்போனோர் அலுவலகமும் இயங்கத் தொடங்கியது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பதில் கிடைக்காமலே பல தாய்மார் இறந்துபோனார்கள். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக நம்பமாட்டோம், சான்றைக் காட்டுங்கள் என்று வெயிலில் வருடக்கணக்காக இருப்பவர்களை விடப் பெரிய ஐயவாதிகள் இந்த நாட்டில் யார்? சான்றை வைத்திருக்கக் கூடியவர்கள் அதைக் கொடுக்காத இடத்தில்தான் சாத்திரக்காரர் கடை விரிக்கிறார்.

இதில் எங்கள் சங்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. அவள் பொட்டு வைக்கிறாள். அவர் இறந்ததாக யாரும் அவளுக்குக் காட்டவில்லை, ஆகவே வைக்கிறாள். சில வருடங்களுக்கு முன் எங்கள் சங்க ஒன்றுகூடலில் மங்கல விளக்கேற்றுகிறவர்களின் பட்டியல் போடும்போது அவள் பெயர் முதலில் இருந்தது, பிறகு இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சுமங்கலிகள் ஏற்றுவது வழக்கம், அவளுடைய நிலைமை என்னவென்று திட்டமாகத் தெரியாது, அவளுக்கும் சங்கடம் வேண்டாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்து விளக்கேற்றுவதைப் பார்த்தாள். கணவர் இறந்துவிட்டார் என்று திட்டமாகத் தெரிந்த எத்தனையோ அக்காமார் எந்தக் காலத்திலும் அந்தப் பட்டியலில் வந்ததே இல்லை. இந்தச் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அப்படிப்பட்டவர்கள் பலர். சந்தா சேர்த்தார்கள், நூலகத்துக்குப் புத்தகம் சேர்த்தார்கள், இடம்பெயர்ந்த காலத்தில் பாடசாலைப் பதிவேடுகளைத் தலையில் சுமந்தார்கள். திரியில் நெருப்பு வைக்க மட்டும் அவர்கள் கை ஆகாது.

விதவை ஏற்றிய விளக்கால் இன்ன தீங்கு வந்தது என்று எவராவது ஒரு சம்பவம் காட்டினால் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து ஆராயத் தயார். கணித ஆசிரியை கணக்கும் போட்டுத் தருவார்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி ஒரு தீர்மான வரைவைச் செயலாளரிடம் இன்று காலை கையளித்திருக்கிறோம். சங்க நிகழ்வுகளில் விளக்கேற்றுபவர்களைச் சேர்ந்த வருட ஒழுங்கில் அழைக்க வேண்டும், திருமண நிலை பார்க்கக் கூடாது என்பது அதன் வாசகம். பதினேழு பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கடதாசி வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறோம்.